இடது கால் எடுக்கும் நேரம்

இன்னும் பிறக்காத, ஆனால் இதைப் படிக்கும்போது என் தோளைத் தாண்டி வளர்ந்திருக்கப் போகிற என் பிள்ளைக்கு,

நீ மகனா மகளா என்று தெரியாது. உன் அப்பா யார் என்றும் தெரியாது. நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நாளை சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு நான் என்ன ஆவேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால் அடிப்பாள். ஜெபத்தில் சொல்லலாம், ஆனால் கடவுள் அப்போது அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ரூபியிடம் சொல்லத்தான் வேண்டும், அதற்குத்தான் பயம். மிச்சம் இருப்பது நீ மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால்கூடப் பேனாவை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனை. அதில் டிரம்ஸ் வாசிக்க வேண்டியவள் ரூபி. அவளைவிட நன்றாக வாசித்து அந்த இடத்தை நான் வாங்கவில்லை. திருட்டு வேலை செய்து, அதற்குமேல் ஒரு பொய்யும் சொல்லி வாங்கினேன். நாளை வாசிப்பவர்தான் இனிமேல் சர்ச்சுக்கு டிரம்மர். இப்போது வாசிக்கிற டேனியல் அண்ணன் ஜனவரியில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். போகும்போது தன் டபுள் பெடலையும் சர்ச்சுக்கே விட்டுவிட்டுப் போகிறார்.

டபுள் பெடல் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் காலத்தில் வேறு ஏதாவது வந்திருக்கலாம். டிரம்ஸில் தரையில் படுத்திருக்கும் பெரிய டிரம் இருக்கிறதே, அதைக் கையால் அடிப்பதில்லை. வலது காலால் ஒரு பெடலை மிதித்தால் அதிலிருக்கும் சுத்தியல் போய் அடிக்கும். சாதாரணப் பாட்டுக்கு அது போதும். டபுள் பெடலில் இடது காலுக்கும் ஒரு பெடல் உண்டு. இரண்டையும் ஓர் இரும்புத் தண்டு இணைத்திருக்கும். இடது காலை மிதித்தால் தண்டு சுழன்று, இரண்டாவது சுத்தியல் அதே டிரம்மை அடிக்கும். வலது, இடது, வலது, இடது என்று விடாமல் மிதித்தால் சரக்கு ரயில் பாலத்தில் போவது போல இருக்கும். முதல்முறை டேனியல் அண்ணன் அதை வாசித்தபோது என் பெஞ்சு அதிர்ந்தது. அன்றைக்கே எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது.

கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் இதை மறக்காதே. ஸ்டூலை உயரமாக வைத்துக்கொள். தொடை முழங்காலை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு காலையும் தூக்கும்போது பின்னால் சாய்ந்துவிடுவாய். டிக் டிக் என்று எண்ணும் மெட்ரோனோம் பெட்டியை மிக மெதுவாக வை. வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக. இரண்டு காலின் சத்தமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கண்ணை மூடிக் கேள். எது வலது எது இடது என்று உனக்கே தெரியாமல் போனால்தான் வேகத்தை ஒரு புள்ளி கூட்டலாம். இடது காலில் ஆரம்பித்தும் பழகு. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். டேனியல் அண்ணன் சொன்ன எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு மாதம் பழகினேன். ஆனாலும் என் இடது கால் வாசலில் தயங்கி நிற்கும் விருந்தாளி போலவே இருந்தது.

அதற்குக் காரணம் என் முட்டாள்தனம். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். டிரம்ஸ் வைக்க முடியாது, பெட்டியைத் தட்டிக்கூடப் பழக முடியாது. அப்பா கட்டிங் மாஸ்டர் என்பதால் கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி மூட்டை வீட்டுக்கு வரும். இரண்டு மூட்டையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, அவற்றின்மேல் கால் வைத்துத் தினமும் ஒரு மணி நேரம் மிதித்தேன். சத்தமே வராது. அம்மா பார்த்துவிட்டு, “ஏ பிள்ள, மாவு பெசையுதியா?” என்று சிரிப்பாள். நான் பெருமையாக மிதித்துக்கொண்டிருந்தேன். பனியன் துணி காலை உள்ளே வாங்கிக்கொள்ளும், திருப்பி அனுப்பாது என்பது எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக என் கால்கள் அமிழ்வதற்குத்தான் பழகியிருந்தன.

ரூபி எங்கள் சர்ச்சுக்கு எதிரே இருக்கும் சின்ன பனியன் யூனிட்டில், துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். அம்மாவும் அங்கேதான் செக்கிங் பார்க்கிறாள். ரூபிக்கு என்னைவிட ஒரு வயது அதிகம். பத்தாவதோடு நிறுத்திவிட்டு, சோமனூரிலிருந்து வந்து இங்கே அத்தை வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். இந்த வருடம் சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடுகிறது. அந்த யூனிட்டில் ஜெனரேட்டர் கிடையாது. மிஷின் நின்றால் எல்லோரும் வெளியே வந்து காற்று வாங்குவார்கள். ஆகஸ்ட் மாதம் ஒருநாள் அப்படிக் கரண்ட் போனபோது, தண்ணீர் குடிக்க ரூபி சர்ச்சுக்குள் வந்தாள். நான் டபுள் பெடலில் திணறிக்கொண்டிருந்தேன். டேனியல் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்ணா, இத நான் ஒருக்கா மிதிச்சுப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டாள்.

“மிதி, மிதி. உடைச்சுடாத.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் புரியாமல் மிதித்தாள். பிறகு மெட்ரோனோமைக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் இடது காலும் வலது காலும் ஒரே சத்தத்தில் போக ஆரம்பித்தன. மெதுவாகத்தான் போனாள், ஆனால் தடுமாறவில்லை. டேனியல் அண்ணன் எழுந்து நின்றார். இன்றுவரை இந்த எட்டு மாதத்தில் அவர் ஒருமுறைகூட எனக்காக எழுந்து நின்றதில்லை.

“உன் இடது காலு எங்க பழகுச்சு?”

“மிஷின்லதானுங்க. ஓவர்லாக்ல இடது கால்லதான் ஓட்டோணும். பக்கத்துலயே கத்தி ஓடுமுங்க. தெச்சுட்டு டக்குனு கால எடுக்கலீன்னா பீஸ வெட்டிப்போடும். மிதிக்கறது பெருசில்லீங்க, எடுக்கறதுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “நீயும் அப்படிப் பண்ணிப் பாரு கண்ணு. மிதிக்கறத நெனைக்காத, எடுக்கறத நெனை” என்றாள்.

நல்ல யோசனை. எனக்கு வேண்டிய யோசனை அதுதான். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போனது. பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள் போல என்னைக் ‘கண்ணு’ என்கிறாளே என்று நினைத்தேன். நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். இந்தப் பக்கம் கடைக்காரர்கூட எல்லோரையும் கண்ணு என்பார், அது எனக்கும் தெரியும். டேனியல் அண்ணன் சிரித்துக்கொண்டே, “பாப்பா, உன் காலு மிதிக்குது, அவ காலு எடுக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ பல நாள் என் காதில் கிடந்தது.

அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் ரூபி வந்தாள். ஊரே கரண்ட் வர வேண்டும் என்று ஜெபித்தது. நானும் ஜெபித்தேன், அவள் வரக்கூடாது என்பதற்காக. என் பொறாமை எப்படி இருந்தது என்று உனக்கு மறைக்காமல் சொல்கிறேன். அவளுடைய பாதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் குதிகாலில் வெடிப்பு இருந்தது, அந்த வெடிப்பைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். அவளுக்கு ஹோம்வொர்க் இல்லை என்று பொறாமைப்பட்டேன். அவள் நாள் முழுக்க மிதித்துக் களைத்துப் போவது நினைவுக்கு வந்தால் அந்த நினைவைத் தள்ளிவிட்டேன். அவள் தப்பாக வாசித்தால் தானே சிரிப்பாள். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. அதற்கும் பொறாமை. பள்ளியில் முதல் ரேங்க் வாங்கும் பெண்ணைப் பார்த்துக்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. அவளுக்குக் கிடைப்பது என்னிடம் இருந்ததில்லை. ரூபிக்குக் கிடைத்ததோ எனக்கு என்று நான் நினைத்து வைத்திருந்தது.

டிசம்பர் வந்ததும் டேனியல் அண்ணன் சொல்லிவிட்டார். கடைசிப் பாட்டில் டபுள் பெடல் வரும், அதை ரூபிதான் வாசிக்க வேண்டும் என்று. எனக்குக் கையில் குலுக்கித் தட்டும் தம்பூரினைக் கொடுத்தார். ரூபி எல்லோரிடமும் சொன்னாள், “எங்க அப்பா தறி லீவு சொல்லிப்போட்டு சோமனூர்லருந்து வராருங்க. நான் மோளம் அடிக்கறேன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாரு.” அவள் அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் கடைசி ரிகர்சல். டிரம் செட்டை எடுத்து வைப்பது, இறுக்குவது எல்லாம் என் பொறுப்பு. அதற்கான சின்னச் சாவி என்னிடம்தான் இருக்கும். டீ குடிக்க எல்லோரும் வெளியே போனார்கள். நான் குனிந்து, இடது பெடலில் தண்டு சேரும் இடத்தில் இருக்கும் ஸ்க்ரூவை முக்கால் சுற்று தளர்த்தினேன். கழற்றவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்து பிறகு வழுக்க வேண்டும் என்று கணக்காகத் தளர்த்தினேன். நீ இதைக் குழந்தைத்தனம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை சுற்று என்று யோசிக்கும் அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது.

கடைசிப் பாட்டு. நடுவில் ரூபியின் இடது கால் மிதித்தது, சத்தம் வரவில்லை. மறுபடி மிதித்தாள், வரவில்லை. வலது கால் மட்டும் நொண்டிக்கொண்டு போனது. பாட்டு நின்றது. கீபோர்டு வாசிக்கும் மாமா, “ஓவர்லாக் மிஷின்னு நெனச்சு மிதிச்சுட்டா போல. மோட்டாரு புகைஞ்சுருக்கும் பாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரூபி எழுந்து நின்றாள். டேனியல் அண்ணன் குனியப் போனார். நான் முந்திக்கொண்டு, “அண்ணா, நான் பாக்கறேன்” என்று உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஸ்க்ரூவை இறுக்கினேன். இறுக்கிவிட்டுச் சும்மா எழுந்திருக்கலாம். “ரொம்ப அழுத்தி மிதிச்சதுல நட்டு தேஞ்சுருக்குண்ணா. மெதுவா மிதிச்சா தாங்கும். இனிமே அழுத்தினா உடைஞ்சுரும்” என்றேன்.

ரூபி என்னை நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மன்னிச்சுக்கோங்ணா. என்ற காலு மிஷின் காலுங்க, வெயிட்டு சாஸ்தி. உங்க சாமானத்தக் கெடுத்துப்போட்டேன். பாப்பாவே வாசிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் டிபன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டேனியல் அண்ணன் அவளைக் கூப்பிட்டார், அவள் திரும்பவில்லை. “சரி, நாளைக்கு நீயே வாசி” என்று என்னிடம் சொன்னார். எட்டு மாதமாக நான் ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். அது வந்ததும் பயம்தான் வந்தது. என் இடது கால் அந்தப் பாட்டைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பயம் அதனால் மட்டும் இல்லை. நான் தப்பாக வாசித்தால் எல்லோரும், பாவம் சின்னப் பெண் என்று விட்டுவிடுவார்கள். நன்றாக வாசித்துவிட்டால் இந்தப் பொய் சர்ச்சில் அப்படியே நிலைத்துவிடும். ரூபி சாகும்வரை தன் காலைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பாள். அம்மா இருமுகிறாள். நிறுத்துகிறேன்.

பிள்ளையே, இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

காலையில் பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ரூபியின் அத்தை வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை, மளிகைக் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். கடை வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் போனில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் நாணயத்தை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருக்குக்கா போனு?”

“அப்பாவுக்குத்தான். வர வேண்டாம்னு சொல்லோணும். பஸ்சு ஏறிட்டாருன்னா சொல்ல முடியாது.”

“சொல்லாதக்கா” என்றேன். “ஏன்?” என்று கேட்டாள். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் பெரிதாக யோசித்து வைத்திருந்தேன், சோதனை, சாத்தான் என்றெல்லாம். ஒன்றும் வரவில்லை. “ஸ்க்ரூவ நான்தான் லூஸ் பண்ணேன். நட்டு தேயல. உன் காலு ஒண்ணும் பண்ணல” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவளுடைய கண் நிறைந்திருந்தது, ஆனால் கோபம்தான் அது.

“எதுக்குடி?”

“நீ நல்லா வாசிக்கற.”

“அதுக்கு?”

மன்னித்துவிடு என்றேன். “எங்கிட்டத் தனியா வந்து எதுக்குச் சொல்றே? நேத்து அத்தன பேரு முன்னாடிதான நான் தலையத் தொங்கப்போட்டுட்டுப் போனேன்? அத்தன பேரு முன்னாடி சொல்லு” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முடியாது, அம்மா இருப்பாள், எல்லோரும் இருப்பார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நாணயத்தைப் போட்டு நம்பரை அழுத்தினாள். “ஏனுங்க, எங்கப்பாவக் கொஞ்சம் கூப்புடறீங்களா? ... அப்பா, நாந்தான். நேரத்துல வந்துபோடுங்கோ. லேட்டாச்சுன்னா எடங் கெடைக்காது. முன்னாடி உக்காருங்கோ, அப்பத்தான் காலு தெரியும்” என்றாள். போனை வைத்துவிட்டு என்னைத் தாண்டி நடந்து போனாள். எனக்கு வேறு வழியே வைக்கவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அம்மா பாடகர் குழுவுக்கு டீ கொண்டுவந்திருந்தாள். நான் எழுந்து நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. முக்கால் சுற்று என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. கீபோர்டு மாமா தரையைப் பார்த்தார். டேனியல் அண்ணன் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதை அவர் ரூபியிடம் கொடுத்தார். அவள் குனிந்து தானே ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறுக்கிப் பார்த்தாள், நான் நிற்கும்போதே. அது எனக்குத் திட்டு வாங்குவதைவிட அதிகமாக இருந்தது. அம்மா டீ டம்ளர்களை எண்ணாமலே கூடைக்குள் போட்டாள். வீட்டுக்கு வந்ததும், “உனக்கு என்ன கொற வச்சோம்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ள முன்னால செக்கிங் டேபிள்ல நிக்கது?” என்றாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லுவாள். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றை உனக்குச் சொல்லாவிட்டால் இத்தனை பக்கம் எழுதியதும் வீண். உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று நீ நினைத்தால், போகாது. எனக்குப் போகவில்லை. அது போகட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்திருந்தால் ரூபியின் அப்பா இன்று பஸ் ஏறியிருக்க மாட்டார். பொறாமையை உள்ளே வைத்துக்கொண்டேதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. உனக்கும் ஒருநாள் அப்படி ஒரு ரூபி வருவாள், அல்லது வருவான். என்னிடம் வந்து சொல். நான் பெரிய மனுஷி போல முகத்தை வைத்துக்கொண்டு ஆச்சரியப்பட மாட்டேன்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்தபோது நான் தம்பூரினோடு மூன்றாவது வரிசையில் நின்றேன். ரூபியின் அப்பா முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு, முட்டியில் இரண்டு கையையும் ஊன்றி, அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்த இடது காலைத்தான் பார்த்தேன். ஒரு தடவையாவது தவறாதா என்று பார்த்தேன். பாட வேண்டிய வரிகளைக்கூட விட்டுவிட்டேன். கால் தவறவே இல்லை. சத்தம் தகரக் கூரையில் ஏறி ஓடியது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் மற்றவர்களுக்கு முன்பே கை தட்டுவதை நிறுத்தியவள் நான்தான்.

இப்படிக்கு,
இன்னும் சரியாகாத உன் அம்மா